மின்சாரக் கிதாரும் கனிந்த நாதமும்

நரம்புக் கருவிகளின் இனிமை நரம்பில் மட்டும் அமைந்ததன்று. தந்தி தானே காற்றை அசைக்கும் ஆற்றல் மிகச் சிறிது. அதன் அதிர்வை ஏற்று, வளர்த்து, தனக்கே உரிய நிறமொன்றைக் கூட்டிச் செவிக்கு அளிப்பது பிறிதோர் உறுப்பேயாகும். யாழுக்குப் பத்தரும், வீணைக்குக் குடமும், வயலினுக்கு மரப்பெட்டியும் அத்தொழிலைச் செய்கின்றன. மின்சாரக் கிதாரிலோ உடல் பெரும்பாலும் திண்ணிய கட்டையாய் இருத்தலின், அத்தொழிலின் பெரும்பகுதி தந்திகளுக்கு அடியில் வைக்கப்பட்டுள்ள ஒரு சிறு உறுப்பின்பாற் படுகிறது. அதனைப் பிக்கப் என்பர். பழைய கிதார்களின் பிக்கப்பைத் திருத்தி அதன் குரலைக் கனியச் செய்வது எங்ஙனம், அவ்வாறு செய்கையில் எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயம் கடல் கடந்த நாட்டாருக்கே உரியதன்றோ எனச் சிலர் ஐயுறலாம். அங்ஙனம் ஐயுறுதற்கு இடமில்லை. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரையுள்ள ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையின் இருமருங்கும் காந்தத்தையும் செப்புக் கம்பியையும் நாள்தோறும் கையாளும் மக்கள் வாழ்கின்றனர். 1980-ஆம் ஆண்டில் ஓசூரில் மொபெட் வண்டிகளின் உற்பத்தி தொடங்கிற்று. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடித் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இவ்வூரிலேயே நிறுவிற்று. இவையேயன்றி, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் சிறு பட்டறைகளையும் இப்பகுதியில் காணலாம். வடமேற்கே எல்லையைக் கடந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால், மேனாட்டுச் சங்கீதத்திற்கு நெடுநாளாக இடமளித்து வரும் பெங்களூர் நகரம் உள்ளது. அங்குக் கைமாறும் பழைய கிதார்களுட் சில எல்லை கடந்து இப்பக்கம் வருதலும், அவற்றின் ஒலி கீச்சிடுகின்றதென்று எண்ணும் இளைஞர் காயில் கட்டுவோரை நாடி, “இதனை அவிழ்த்து வேறு கம்பி சுற்றித் தருக” என்று கேட்டலும் இயல்பே. அக்கேள்விக்கு உடன்படுமுன் அறியவேண்டியவை சில உள.

முதற்கண் தத்துவத்தை நோக்குவோம். இங்கிலாந்தில் கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் விஞ்ஞானியாய் விளங்கிய மைக்கேல் பாரடே, 1831-ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாய்வு மாறுமாயின், அச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதே அது. மொபெட் வண்டியின் மாக்னெட்டோவில் காந்தம் சுழல்கிறது, காயில் அசையாதிருக்கிறது. அதனால் எழும் மின்சாரமே பொறியை எழுப்புகிறது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இதன் மறுதலையைக் காண்கிறோம். வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகமொன்றின் கணக்குப்படி, வினாடிதோறும் ஒரு சிறு மின்துடிப்பு மயிரினும் மெல்லிய கம்பியாலான காயிலுட் சென்று, சிறு காந்தமொன்றைத் திருப்பி முள்ளை நகர்த்துகிறது. கிதாரின் பிக்கப்பிலோ காந்தமும் அசைவதில்லை, காயிலும் அசைவதில்லை. மேலே உள்ள எஃகுத் தந்தி அடியிலுள்ள காந்தத்தால் தானும் சிறிது காந்தத் தன்மை எய்துகிறது. அது அதிருந்தோறும் காயிலினூடே செல்லும் பாய்வு கூடியும் குறைந்தும் மாற, தந்தியின் அசைவுக்கு ஒத்த மின்சாரம் காயிலில் எழுகிறது. மூன்றும் ஒரே உண்மையின் மூன்று வடிவங்கள் என்க.

இதிலிருந்து பிறிதோர் உண்மையும் போதரும். இரும்பின் தன்மையில்லாத தந்தியைக் காந்தப் பிக்கப் உணராது. நம் வீணையின் மேல்தந்திகள் எஃகு; கீழ்த்தந்திகளைப் பித்தளையாலோ வெண்கலத்தாலோ அமைப்பது பழைய வழக்கம். அத்தகைய வீணைக்கடியில் கிதார் பிக்கப்பை வைத்தால் சாரணி பேசும், மந்தரம் ஊமையாகும். மரத்தின் அதிர்வையே ஏற்கும் காண்டாக்ட் மைக்கை வீணை வித்வான்கள் கைக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். மாண்டலினுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. பாலகொல்லில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த உ. ஸ்ரீனிவாஸ் அவர்கள், இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் உடையதாக்கி, மின்சாரத்தின் துணையால் நாதம் நெடிது நிற்கச் செய்து, கமகங்களை அதில் இசைத்துக் காட்டினார். கருவியின் ஒலியைத் தன் சங்கீதத்திற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் விருப்பம் நம் நாட்டவர்க்குப் புதிதன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

இனி, பிக்கப்பின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோம். 1931, 1932-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷம் என்பார் குதிரைலாட வடிவக் காந்தங்களைக் கொண்டு ஒரு பிக்கப்பை அமைத்தார். ரிக்கன்பாக்கர் நிறுவனத்தின் முதல் மின்சாரக் கிதார் அதனாலேயே பேசிற்று. 1936-இல் கிப்சன் நிறுவனம் மின்சாரக் கிதாரை வெளியிட்டது. 1954-இல் பெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மூன்று ஒற்றைக் காயில் பிக்கப்புகளோடு தோன்றிற்று. 1955-இல் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர், இரைச்சலை ஒழிக்கும் பொருட்டு இரு காயில்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்னும் பிக்கப்பை ஆக்கினார். இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குக் காந்தமாய் அமைந்தது அல்நிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்யும் இக்கலப்பு உலோக இனத்திற்கு வழிகோலியவர், 1931-இல் ஜப்பானில் வலிய காந்த எஃகைக் கண்ட மிஷிமா என்னும் அறிஞர்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய பிக்கப் ஒன்றில் ஏறக்குறைய 8,000 சுற்றுக்கள் உள்ளன. எனாமல் பூசிய அக்கம்பியின் செப்புப் பருமன் ஒரு மில்லிமீட்டரில் 0.063 பங்கே, அஃதாவது தலைமயிரின் பருமன். அதனை அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லும். இத்துணை நீண்ட, இத்துணை மெல்லிய கம்பியில் எங்கேனும் ஓரிடத்தில் பச்சை பிடித்து அறுந்தால் பிக்கப் முழுதும் ஊமையாகிவிடும்.

கனிந்த நாதம் என்பது யாது? மேனாட்டு வாத்தியக்காரர் இதனை வெப்பமான தொனி என்பர். நாம் கனிந்த சாரீரம், குழைவு என்று சொல்வதற்கு அஃது ஒப்பாகும். இதனைக் கணக்காலும் கூறலாம். காயிலுக்குத் தூண்டற் குணம் உண்டு. அதனை ஹென்றி என்னும் அளவால் குறிப்பர். காயிலின் சுற்றுக்களுக்கிடையிலும், கிதாரையும் ஆம்பிளிபையரையும் இணைக்கும் வடத்திலும் மின்னேற்பு உண்டு. அதனைப் பிகோபாரட் என்னும் அளவால் குறிப்பர். இவ்விரண்டும் கூடிய இடத்தில், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் அது மேன்மேலும் எழுவதுபோல, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மின்சாரம் ஓங்கி எழும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் விரைந்து தேய்ந்துவிடும். அவ்வோங்கல் எந்த அதிர்வெண்ணில் அமைகிறதோ, எத்துணை உயரமாய் அமைகிறதோ அதுவே பிக்கப்பின் குரலைப் பெரிதும் வரையறுக்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். பழைய ஒற்றைக் காயிலின் தூண்டல் 2.4 ஹென்றி எனக் கொள்வோம். காயிலின் மின்னேற்பு 100 பிகோபாரட்; மீட்டருக்கு 100 வீதம் 5 மீட்டர் வடத்தின் மின்னேற்பு 500; ஆக 600. கணக்கிட்டால் ஓங்கல் ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸில் அமையும். மனிதச் செவி மிகக் கூர்மையாய்க் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியையே. ஆகலின், 4,200-இல் ஓங்கும் பிக்கப் பளிச்சென்றும், சிலர் செவிக்குக் கீச்சென்றும் ஒலிப்பதில் வியப்பில்லை. ஹம்பக்கரின் தூண்டல் 4.5 ஹென்றி அளவினதாகலின், அதே வடத்தில் அதன் ஓங்கல் 3,100 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும்; அதனால் அது கனிந்து ஒலிக்கிறது. எனவே நாதத்தைக் கனிவிப்பதென்பது, ஓங்கலைக் கீழே இறக்குவதும் அதன் உயரத்தைத் தணிப்பதுமே என்பது பெறப்படும்.

இதற்குரிய வழிகளை எளியது தொடங்கி அரியது ஈறாக முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, உயரம். பிக்கப்பின் இருபுறமுமுள்ள திருகுகளைத் திருப்பி அதனைத் தந்தியினின்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்த்தலாம். வலிய காந்தம் தந்திக்கு மிக அருகில் இருப்பின் தந்தியைப் பற்றி இழுக்கும்; அதனால் நாதம் விரைவில் அடங்குவதோடு, சுருதியும் தடுமாறி, ஒரே தந்தி இரு குரலாய் ஒலிக்கும். தாழ்த்தியவுடன் மீட்டின் அறைவு தணிந்து குரல் இளகும். செலவு ஒன்றுமில்லை, வேண்டாவெனின் மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, வால்யூம் திருகு. ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓமும், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். கைமாறி வந்த கிதாரில் முன்னிருந்தோர் வேறு மதிப்புடைய திருகை வைத்திருத்தலும் உண்டு. ஆகலின் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தல் முதற்கடன். ஒற்றைக் காயிலோடு 500 இருக்கக் கண்டு அதனை 250 ஆக்கினால் ஓங்கலின் உயரம் குறைந்து ஒலியின் கூர் மழுங்கும்.

மூன்றாவது, கண்டென்சர். பிக்கப்பின் இரு முனைகளுக்கும் இடையே 1,000 பிகோபாரட் மதிப்புள்ள சிறு கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்தால், மேற்கூறிய உதாரணத்தில் மின்னேற்பு 600-லிருந்து 1,600 ஆகும். ஓங்கல் 4,200-லிருந்து ஏறக்குறைய 2,600 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இஃது ஒற்றைக் காயிலை ஹம்பக்கரினும் தாழ்ந்த ஓங்கலுக்குக் கொண்டுவந்துவிடும். மிகையெனத் தோன்றின் 470 பிகோபாரட் போதும். பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் இது. இதனைப் பிக்கப்பின் உள்ளே வையாமல் திருகின் காலிலேயே பற்றவைத்தல் நன்று. எடுத்துவிட்டால் பழைய குரல் அப்படியே மீளும்.

நான்காவது, இணைப்பு முறை. இரு பிக்கப்புகளைப் பக்க இணைப்பாக அல்லாமல் தொடராக இணைத்தால் தூண்டல் கூடி, ஓங்கல் தாழ்ந்து, ஒலி தடித்துக் கனியும். அவற்றுள் ஒன்று மற்றதற்கு எதிராகச் சுற்றப்பட்டு, காந்தமுனையும் மாறியிருப்பின் பிறிதொரு நன்மையும் உண்டு. தொழிற்பேட்டையை அடுத்த வீடுகளில் மோட்டாரும், டிரான்ஸ்பார்மரும், வெல்டிங் இயந்திரமும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைச் சுற்றுவெளியில் பரப்பிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் காயில் அதனையும் பிடித்துப் பாட்டோடு கலந்துவிடும். எதிரெதிராகச் சுற்றிய காயில்களில் அவ்விரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடும். சேத் லவர் கண்ட உபாயமும் இதுவே.

ஐந்தாவது, காந்தம். ஹம்பக்கரின் அடியில் சட்டம்போல் ஒரே காந்தம் இருக்கும். அங்குள்ள அல்நிகோ 5-ஐ நீக்கி, வலி குறைந்த அல்நிகோ 2-ஐ இட்டால் மீட்டின் முனை மென்மையாகும். பழைய காந்தத்தைப் பத்திரப்படுத்திக்கொள்வது கடமை. பெண்டரின் பழைய பிக்கப்பிலோ ஆறு காந்தத் துண்டுகளின்மேல் நேராகவே கம்பி சுற்றப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைத் தட்டி வெளியே தள்ள முயன்றால் உட்சுற்று அறுந்துபோகும். ஆகலின் அவ்வகையில் காந்தத்தைத் தொடலாகாது.

ஆறாவதும் இறுதியுமான வழி, கம்பியை அவிழ்த்து மிகுதியாகச் சுற்றுதல். இளைஞர் பலர் முதலிற் கேட்பது இதுவே. முதியோர் கடைசியாக எண்ணவேண்டுவதும் இதுவே. இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 8,000 சுற்றை 9,000 ஆக்கினால் தூண்டல் சுற்றெண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றி 2.4-லிருந்து ஏறக்குறைய 3 ஹென்றியாகும். ஓங்கல் 4,200-லிருந்து 3,700-க்கு இறங்கும். அவ்வளவே. அதே இறக்கத்தை 160 பிகோபாரட் கூட்டியும் பெறலாம். அஃதாவது, வடத்தை ஒன்றரை மீட்டர் நீளமாக்கினாலே ஏறக்குறையப் போதும். மிகுதியாகச் சுற்றுவதால் ஒலியின் வலிமை சிறிது கூடும் என்பது உண்மையே. ஆயினும் கனிவு ஒன்றையே வேண்டி, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பழங்கம்பியை அறுத்தெறிதல், மாம்பழம் வேண்டி மரத்தையே வெட்டியதற்கு ஒப்பாகும்.

அவ்வாறு வெட்டப்பட்டதை மீண்டும் உண்டாக்கவும் இயலாது. பழைய பிக்கப்புகளிற் பல, கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றப்பெற்றவை. சுற்றியவரின் கை அசைந்தவாறே கம்பி ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் படிந்திருக்கும். அந்த ஒழுங்கின்மையும் அதன் குரலில் ஒரு கூறாகும். மேலும், முதற்சுற்று மாறாத கிதாருக்குச் சந்தையில் உள்ள மதிப்பு, மாற்றப்பட்டதற்கு இல்லை. பழைய கருவியொன்றை நல்ல விலைக்கு விற்கும் நிலையிலுள்ள ஒரு குடும்பத்திற்கு இஃது அற்பமான செய்தியன்று.

எனினும் காயில் அறுந்து ஊமையான பிக்கப் கைக்கு வருமாயின் வேறு வழியில்லை. மறுபடி சுற்றவே வேண்டும். அங்கே காயில் கட்டும் தொழிலாளியின் திறமை பெரிதும் பயன்படும். அவர் மோட்டாருக்குப் பயன்படுத்தும் கம்பி இதற்கு மிகத் தடிப்பு. கையின் இழுப்பும் மிக வலிது. 0.063 மில்லிமீட்டர் கம்பி விரலின் சிறு பதற்றத்திற்கும் அறும். தொடங்குமுன் காந்த முனைகளின் திசை, சுற்றின் திசை, கம்பியின் பருமன், எனாமலின் நிறம் ஆகியவற்றை ஏட்டில் குறித்துக்கொள்ளல் வேண்டும். சுற்று எண்ணும் கருவியின்றித் தொடங்கலாகாது. முடிந்தபின் மின்தடையை அளந்தால், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு 6 கிலோ ஓமை ஒட்டி இருத்தல் நன்று. பின்னர் பாரபினோடு சிறிது தேன்மெழுகு கலந்து உருக்கிய மெழுகில் தோய்த்தால், சுற்றுக்கள் அசையாது நின்று, உரத்த இசையில் ஊளையிடா. மெழுகை நேரே நெருப்பின்மேல் வையாது, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து, 65 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல் காக்க வேண்டும்; மேற்பட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும்.

காப்பைக் குறித்தும் ஒரு சொல் கூறுவாம். பிக்கப்பில் எழும் மின்சாரம் மிகச் சிறிது; அதனால் உயிருக்கு ஊறு நேராது. ஆயின் கிதாரோடு இணைக்கப்படும் ஆம்பிளிபையர் அத்தன்மையதன்று. பழைய வால்வு ஆம்பிளிபையர்களில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம், சுவிட்சை அணைத்த பின்னரும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். கிதாரின் தந்திகள் அதன் எர்த்தோடு இணைக்கப்பட்டிருத்தலால், வீட்டின் எர்த் இணைப்புப் பழுதாயின் ஆபத்து வாசிப்போன் விரல்வரை வந்துவிடும். நாதத்தைத் திருத்துமுன் எர்த்தைச் சோதித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். மீளக்கூடிய மாற்றத்தை முதலிலும், மீளாத மாற்றத்தைக் கடைசியிலும் வைத்தலே பழம்பொருளைத் திருத்துவோர் கைக்கொள்ளவேண்டிய நெறி. திருகைத் தாழ்த்திக் கேட்க. கண்டென்சரை இட்டுக் கேட்க. வலக்கையைப் பாலத்தினின்றும் சிறிது விலக்கி மீட்டிக் கேட்க. பாலத்தருகே மீட்டிய தந்தி மெலிந்தும், நடுவை நோக்கி மீட்டிய தந்தி நிறைந்தும் ஒலிப்பதை வீணை பயின்றார் அனைவரும் அறிவர். இத்துணையும் செய்து பார்த்து, ஒவ்வொன்றையும் நாள் குறித்து ஏட்டில் எழுதிவைத்த பின்னரும் மனம் நிறைவுறாதாயின், அப்பொழுது பழைய பிக்கப்பை முழுமையாக எடுத்துப் பேழையில் வைத்துவிட்டுப் புதியதொன்றை நாமே சுற்றிப் பொருத்தலாம்.

அங்ஙனம் புதிதாகச் சுற்றுதற்கு வேண்டிய காந்தமும், கம்பியும், பொறுமை பயின்ற கைகளும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. பௌதிக ஆய்வுக்கூடத்தில் பாரடேயின் விதியை எழுதித் தேர்வு பெறும் மாணவனும், தெருமுனைப் பட்டறையில் அதே விதியை விரலால் அறிந்துள்ள தொழிலாளியும் ஒரு மேசையின் முன் அமர்வார்களாயின், நல்ல கருவிகள் இங்கேயே பிறக்கும். பழைய கருவிகளும் தம் குரல் அழியாது நெடுங்காலம் வாழும்.